ஆம்புலன்ஸில் ஏற எந்தப் படிப்பு?

பிளஸ் டூ ரிசல்ட் வந்த வாரம் என் தங்கை மகள் வியாசர்பாடியிலிருந்து பஸ் ஏறி வீட்டுக்கு வந்தாள். கையில் இரண்டு நோட்டீஸ், போனில் ஒன்று. மூன்றிலும் சொல்லிவைத்தது போல ஒரே படம்: சுழல் விளக்கு வைத்த வேன், பக்கத்தில் கழுத்தில் ஸ்டெதஸ்கோப்போடு சிரிக்கிற ஒரு வெளிநாட்டுக்காரர். மூன்றிலும் ஒரே உறுதிமொழி: ஆறே மாதத்தில் இ.எம்.டி. (எமர்ஜென்சி மெடிக்கல் டெக்னீஷியன்), நூறு சதவீதம் வேலை. "மாமா, இதுல எதுல சேரலாம்?" என்றாள்.

எதிலும் வேண்டாம் என்றேன். முகம் விழுந்துவிட்டது. அதுவும் சரிதான், வேண்டாம் என்று சொல்பவன் வேறு எது என்றும் சொல்ல வேண்டும். நான் விலங்கியல் படித்துவிட்டு 108 ஆம்புலன்ஸில் ஒன்பது வருஷம் ஓடியவன். இப்போது ஒரு தனியார் ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவில் இருக்கிறேன். அன்றைக்கு அவளுடைய ரஃப் நோட்டின் கடைசிப் பக்கத்தில் கோடு போட்டு எழுதிக் கொடுத்ததைத்தான் இங்கே விரித்து எழுதுகிறேன். அவள் பயாலஜி குரூப், மார்க் நன்றாகவே எடுத்திருந்தாள், அவள் அப்பா, எங்கள் மாப்பிள்ளை, ஆட்டோ ஓட்டுகிறார். இந்த மூன்றும் வேறாக இருந்தால் என் பதிலும் வேறாக இருந்திருக்கும்.

ஒவ்வொரு படிப்பையும் இரண்டே கேள்வி வைத்துத்தான் பார்த்தேன். படிக்கும் காலத்தில் எத்தனை நோயாளியைத் தொடுவாய்? பத்து வருஷம் கழித்து இந்த வேலையை விட்டு வெளியே வந்தால் கையில் என்ன சான்றிதழ் இருக்கும்? கட்டணத்தை மூன்றாவதாக வைத்தேன். எங்கள் வீட்டில் அதை முதலில் வைப்பதுதான் வழக்கம். ஆனால் அவசர மருத்துவத்தில் செலவு குறைந்த படிப்பு எது என்று தேடினால், விந்தையாக, தரமானதிடமே போய் நிற்கிறோம். அது பின்னால் வரும்.

108: எல்லோரும் கேட்பது

தமிழ்நாட்டில் 108 ஓட ஆரம்பித்தது 2008 செப்டம்பரில். ஐதராபாத்தில் 2005-ல் தொடங்கிய இ.எம்.ஆர்.ஐ. என்ற நிறுவனம் அரசோடு ஒப்பந்தம் போட்டு இங்கே நடத்த வந்தது. பணம் அரசுடையது, நடத்துவது நிறுவனம். இந்த ஒரு வரியை ஒவ்வொரு அப்பா அம்மாவிடமும் அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. வண்டியில் அரசு முத்திரை இருக்கும், நிற்பது அரசு ஆஸ்பத்திரி வாசலில், ஆனால் உள்ளே இருப்பவர் அரசு ஊழியர் இல்லை. பென்ஷன் கணக்குப் போட்டு யாரும் வரக்கூடாது.

அறிவிப்புகளில் இந்த வேலைக்குப் பெயர் மருத்துவ உதவியாளர். வண்டிக்குள் யாரும் அப்படிக் கூப்பிட மாட்டார்கள், இ.எம்.டி., அவ்வளவுதான். ஓட்டுநரைப் பைலட் என்போம். யார் விண்ணப்பிக்கலாம் என்பதைக் கவனமாகப் படியுங்கள்: நர்சிங், ஏ.என்.எம். என்ற துணை நர்ஸ் படிப்பு, பிளஸ் டூவுக்குப் பிறகு இரண்டு வருஷம் படித்த டி.எம்.எல்.டி. என்ற லேப் டெக்னீஷியன் படிப்பு, பார்மசி, இல்லாவிட்டால் விலங்கியல், தாவரவியல், பயோகெமிஸ்ட்ரி, மைக்ரோபயாலஜி, பயோடெக்னாலஜி போன்ற பாடங்களில் பி.எஸ்சி. வயது 19-லிருந்து 30-க்குள். அண்மைக்கால அறிவிப்புகளில் மாதச் சம்பளம் 21 ஆயிரம் ரூபாயை ஒட்டி இருக்கிறது. வேலை 12 மணி நேர ஷிப்ட், பகலும் இரவும் மாறி மாறி வரும்.

இந்தப் பட்டியலில் 'பிளஸ் டூவும் ஆறு மாதக் கோர்ஸும்' எங்கே இருக்கிறது? இல்லை. அவள் கொண்டுவந்த நோட்டீஸில் ஒன்று 108 வண்டியின் படத்தையே போட்டிருந்தது. படம் போடுவதைத் தடுக்க யாரும் வருவதில்லை.

தேர்வு எளிது என்றும் சொல்ல முடியாது, கடினம் என்றும் சொல்ல முடியாது. எழுத்துத் தேர்வு ஒன்று. பிறகு உடற்கூறியல், முதலுதவி, அடிப்படை நர்சிங் பற்றிக் கேள்வி கேட்பார்கள். கடைசியில் மனிதவளத் துறை நேர்காணல். தேறினால் 50 நாள் பயிற்சி: வகுப்பறை, ஆஸ்பத்திரி, அப்புறம் ஓடுகிற வண்டியில். சென்னைக்காரர் என்பதால் சென்னையிலேயே வண்டி கிடைக்கும் என்று எண்ணிச் சேரக்கூடாது. எந்த மாவட்டத்துக்கும் பெட்டி கட்டத் தயாராக இருக்க வேண்டும்.

ஐம்பது நாளில் என்ன கற்றுக்கொள்ள முடியும் என்று கேட்பார்கள். நிறையவே முடியும். ஆனால் கற்றுக்கொண்டதெல்லாம் முதல் வாரம் வண்டியில் ஏறியதும் ஆடிப்போகும். ஒரே ஒரு உதாரணம் சொல்கிறேன். வகுப்பறையில் பி.பி. பார்க்கக் கற்றுக் கொடுப்பார்கள்: கையில் பட்டையைச் சுற்று, காற்றடி, முழங்கை மடிப்பில் ஸ்டெதஸ்கோப் வை, சத்தம் எங்கே ஆரம்பித்து எங்கே நிற்கிறது என்று கேள். சரி. பூந்தமல்லி நெடுஞ்சாலையில் சைரன் அலறிக்கொண்டு போகிற வண்டியில், கீழே மெட்ரோ வேலைக்குத் தோண்டி மூடிய பள்ளம், மேலே நோயாளியின் தம்பி "அண்ணே, அண்ணே" என்று கத்திக்கொண்டிருக்கிறார். ஸ்டெதஸ்கோப்பில் எஞ்சின் சத்தம்தான் கேட்கும். என் முதல் நாளில் மூன்று தடவை காற்றடித்து மூன்று தடவையும் ஒன்றும் கேட்காமல் வியர்த்துப் போனேன். கூட இருந்த சீனியர் ஸ்டெதஸ்கோப்பைப் பிடுங்கிக் கீழே வைத்தார். நோயாளியின் மணிக்கட்டில், கட்டைவிரலுக்குக் கீழே இரண்டு விரலை வைக்கச் சொன்னார். "இப்ப காத்தடி. துடிப்பு காணாமப் போச்சா? இன்னும் கொஞ்சம் அடி. இப்ப மெதுவா விடு. மறுபடி எங்க வந்து விரல்ல தட்டுதோ அதான் மேல் பிரஷர்." கீழ் எண் கிடைக்காது. படிவத்தில் அந்த இடத்தில் 'பி' என்று மட்டும் எழுதுவோம், விரலால் பார்த்தது என்று பொருள். அது போதும், அந்த நேரத்துக்கு.

இப்படி விரலால் கற்றுக்கொள்வதற்கு 108-க்கு ஈடான இடம் எனக்குத் தெரிந்து கிடையாது. விபத்து, பிரசவம், வலிப்பு, பூச்சி மருந்து, சர்க்கரை இறங்கி மயங்கியவர், நெஞ்சுவலி என்று ஒரே ஷிப்டில் ஐந்து விதம் வரும். சந்தேகம் வந்தால் தேனாம்பேட்டை டி.எம்.எஸ். வளாகத்தில் இருக்கும் கட்டுப்பாட்டு அறைக்குப் போன் போட்டு அங்கே உட்கார்ந்திருக்கும் டாக்டரிடம் கேட்டுத்தான் மருந்து கொடுப்போம். நாமே முடிவெடுக்கிற வேலை இது என்று சினிமா பார்த்து நினைத்துக்கொண்டு வருபவர்களுக்கு இது ஏமாற்றமாக இருக்கும். எனக்கு அது பெரிய ஆறுதலாக இருந்தது. 2016-ல் சென்னையில் பைக் ஆம்புலன்ஸ் வந்தபோது, தனியாகவே ஓட்டிக்கொண்டு போய் முதலுதவி செய்கிற அந்த வேலைக்குப் போன நண்பர்கள் போனை இன்னும் இறுகப் பிடித்துக்கொண்டார்கள்.

அப்படியானால் இரண்டாவது கேள்வி? அதில்தான் எனக்கு அடி விழுந்தது. ஒன்பது வருஷம் கழித்து ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்கு நேர்காணலுக்குப் போனேன். என் அனுபவச் சான்றிதழை எதிரே இருந்தவர் மரியாதையாகத்தான் வாங்கிப் பார்த்தார். "இந்த ட்ரெய்னிங் எந்த யுனிவர்சிட்டி?" என்று கேட்டார். யுனிவர்சிட்டி இல்லை, நிறுவனப் பயிற்சி என்றேன். அவர் என் கோப்பில் கல்வித்தகுதி என்ற கட்டத்தில் 'பி.எஸ்சி. விலங்கியல்' என்று எழுதினார். வேலை கிடைத்தது, ஆனால் என்னைவிடப் பத்து வயது சின்ன நர்ஸுக்கு என்னைவிடக் கூடுதல் சம்பளம். அந்தப் பெண்ணின் மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. அவர் படித்த படிப்புக்குப் பதிவு எண் இருக்கிறது, எனக்கு இல்லை.

ஆக 108 ஒரு வேலை. அங்கே கற்றுக்கொள்ளலாம், சம்பளமும் வாங்கலாம். படிப்பு அல்ல. ஏற்கெனவே நர்சிங்கோ லைஃப் சயன்ஸோ முடித்துவிட்டு இருபத்து நாலு வயதில் என்ன செய்வது என்று தெரியாமல் இருப்பவருக்கு நான் கண்ணை மூடிக்கொண்டு இதைச் சொல்வேன். பதினேழு வயதுப் பெண்ணுக்கு முதல் பதிலாகச் சொல்ல மாட்டேன்.

அரசு மருத்துவக் கல்லூரியின் பி.எஸ்சி.

பெயர் நீளம்: பி.எஸ்சி. ஆக்சிடென்ட் அண்ட் எமர்ஜென்சி கேர் டெக்னாலஜி. மூன்று வருஷப் படிப்பு, ஒரு வருஷம் பயிற்சிப் பணி. சென்னை மருத்துவக் கல்லூரி உட்பட அரசு மருத்துவக் கல்லூரிகள் பலவற்றில் இருக்கிறது. பட்டம் தருவது டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகம். நீட் வேண்டாம். பிளஸ் டூ மார்க் அடிப்படையில் ரேங்க் போட்டு, கீழ்ப்பாக்கத்தில் இருக்கும் தேர்வுக் குழு கவுன்சிலிங் நடத்தும். பாராமெடிக்கல் பட்டப்படிப்புகள் எல்லாவற்றுக்கும் ஒரே விண்ணப்பம்தான். கட்டணம், நோட்டீஸ்காரர்கள் கேட்கும் தொகையில் ஒரு மூலைக்குக் காணாது. நான் மேலே சொன்ன விந்தை இதுதான்.

நோயாளியைத் தொடுவது என்ற கணக்கில் இதற்கு நிகர் சொல்ல முடியாது. சென்ட்ரல் ஸ்டேஷனுக்கு எதிரே இருக்கும் பொது மருத்துவமனை 1664-ல் கோட்டைக்குள் தொடங்கியது. அதோடு ஒட்டிய மருத்துவப் பள்ளி 1835-ல் வந்தது. அந்த வாசலில் ஒரு மணி நேரம் நின்று பார்த்தால் போதும், அவசரப் பிரிவு என்றால் என்ன என்று புரிந்துவிடும். டி.ஏ.இ.ஐ. என்ற, விபத்து, அவசரச் சிகிச்சைக்கான அரசுத் திட்டம் வந்த பிறகு உள்ளே வருகிறவர்களைச் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று பிரிக்கிறார்கள். உயிருக்கு உடனடி ஆபத்து என்றால் சிவப்பு. பச்சையில் உட்கார்ந்திருப்பவர் எவ்வளவு சத்தம் போட்டாலும் சிவப்பில் சத்தமே இல்லாமல் கிடப்பவரிடம்தான் முதலில் போக வேண்டும். இதை எந்தப் புத்தகமும் சொல்லும். ஆனால் சத்தம் போடுகிறவரைத் தாண்டி நடக்கக் கால் பழக வேண்டும். அதற்கு வருஷம் பிடிக்கும்.

2021 டிசம்பரில் 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டம் தொடங்கியதிலிருந்து சாலை விபத்தில் அடிபட்டவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையை அரசு கட்டணமில்லாமல் தருகிறது; பதிவு செய்த தனியார் ஆஸ்பத்திரிகளுக்கும் இது பொருந்தும். அதனால் தனியார் அவசரப் பிரிவுகளுக்கும் விபத்துக் கேஸ் கையாளத் தெரிந்த ஆட்கள் தேவைப்படுகிறார்கள்.

இனிச் சட்டத்துக்கு வருவோம். 2021-ல் நாடாளுமன்றம் துணை மருத்துவப் பணியாளர்களுக்காகத் தேசிய ஆணையச் சட்டம் ஒன்றை நிறைவேற்றியது. டாக்டருக்கும் நர்ஸுக்கும் இருப்பது போல லேப் டெக்னீஷியன், பிசியோதெரபிஸ்ட் முதலானவர்களுக்கும் பதிவேடு வேண்டும் என்பதுதான் அதன் நோக்கம். அந்தச் சட்டத்தின் அட்டவணையில் பாராமெடிக் என்ற பெயரும் இருக்கிறது. துணை மருத்துவப் பணியாளர் என்பதற்கு அது வைத்திருக்கும் அளவுகோல்: இரண்டிலிருந்து நாலு வருஷத்துக்குள் பரவிய, குறைந்தது 2,000 மணி நேரப் பட்டமோ டிப்ளமோவோ.

அவளை உட்கார வைத்துக் கணக்குப் போடச் சொன்னேன். நோட்டீஸில் உள்ளபடி தினம் நாலு மணி நேரம், வாரம் ஐந்து நாள், ஆறு மாதம். 520 என்று எழுதினாள். இரண்டாயிரத்தில் கால்வாசிதான். அதற்குப் பிறகு அந்த மூன்று நோட்டீஸைப் பற்றி அவள் கேட்கவில்லை.

தனியாரில் இதே மாதிரியான பட்டம் கிடைக்கிறது. போரூர் ஸ்ரீ ராமச்சந்திரா போன்ற நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களில் அவசர, விபத்துச் சிகிச்சைப் பட்டப்படிப்புகள் உண்டு. வகுப்பு, கருவி, சிமுலேஷன் ஆய்வகம் எல்லாம் அரசுக் கல்லூரியைவிடப் பளிச்சென்று இருக்கும். கட்ட முடிகிறவர்கள் தாராளமாகப் போகலாம். ஆட்டோ ஓட்டிப் பிழைக்கும் வீட்டில் இதற்காகக் கடன் வாங்குவதை நான் ஏற்க மாட்டேன், அதுவும் தொடக்கச் சம்பளம் இருக்கிற நிலையில்.

இந்தப் படிப்பின் குறையையும் சொல்லிவிட வேண்டும். முடித்தவர்களில் நிறையப் பேர் ஆம்புலன்ஸில் ஏறுவதே இல்லை. ஆஸ்பத்திரிக்குள் அவசரப் பிரிவு டெக்னீஷியனாகக் குளிர்சாதன அறையில் தங்கிவிடுகிறார்கள். தங்கை அதைக் கேட்டதும் "அதானே வேணும்" என்றாள். மகள் முறைத்தாள்.

நர்சிங்: கேட்காமலே நான் சேர்த்த வழி

அவள் நோட்டில் இது இல்லை. நான்தான் எழுதினேன். ஜி.என்.எம். என்ற நர்சிங் டிப்ளமோ மூன்று வருஷம், பி.எஸ்சி. நர்சிங் நாலு வருஷம். முடித்துத் தமிழ்நாடு நர்ஸ் கவுன்சிலில் பதிவு செய்தால் 108-லும் ஏறலாம், ஆஸ்பத்திரியிலும் சேரலாம், மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் மூலம் அரசு வேலைக்கும் போகலாம், வெளிநாட்டுக்கும் போகலாம். ஒரே சாவிக்கு நாலு பூட்டு திறக்கிறது. காகிதக் கணக்கில் பார்த்தால் இதுதான் ஜெயிக்கிறது, பி.எஸ்சி. எமர்ஜென்சியைவிடவும்.

ஆனால் நர்சிங் படிப்பில் அவசர மருத்துவம் ஒரு பகுதிதான். வார்டு, பிரசவம், மனநலம், சமூக சுகாதாரம் என்று எல்லாவற்றிலும் சுற்றி வர வேண்டும். அவள் சொன்னாள்: "மாமா, எனக்கு வார்டுல நின்னு சார்ட் எழுதப் பிடிக்காது. ரோட்டுல போய் இறங்கணும்." பதினேழு வயதில் பிடிக்காதது இருபத்தேழில் பிடித்துப்போகலாம் என்று சொல்ல வாய் வந்தது, விட்டுவிட்டேன். பிடிக்காத படிப்பை நாலு வருஷம் இழுப்பதும் லேசில்லை.

ஒரு வருஷச் சான்றிதழும் மற்றவையும்

அரசு மருத்துவக் கல்லூரிகளில் எமர்ஜென்சி கேர் டெக்னீஷியன் என்று ஒரு வருஷச் சான்றிதழ்ப் படிப்பு இருக்கிறது. டயாலிசிஸ், மயக்கவியல், ஈ.சி.ஜி. டெக்னீஷியன் படிப்புகளோடு சேர்த்து அறிவிப்பு வரும். பெரிய ஆஸ்பத்திரியிலேயே வருஷம் முழுக்க நிற்பதால் முதல் கேள்விக்கு நல்ல மதிப்பெண். இரண்டாவது கேள்வியில்தான் சட்டம் சொல்லும் வருஷக் கணக்கு இடிக்கிறது. வீட்டில் உடனே சம்பளம் தேவை, மூன்று நாலு வருஷம் காத்திருக்க முடியாது என்றால் இது நேர்மையான படிப்பு. சேருவதற்கு முன்னால் 108 அறிவிப்பின் தகுதிப் பட்டியலை வரி வரியாகப் படித்துவிட்டுச் சேருங்கள், அவ்வளவுதான்.

சுகாதாரத் துறைத் திறன் கவுன்சிலின் இ.எம்.டி. பேசிக் சான்றிதழ் வேறு ஒன்று. இது தேசியத் திறன் தகுதி வரிசையில் வருவது. அரசுத் திறன் திட்டங்களில் காசில்லாமல் கிடைக்கும்போது, அதுவும் வீட்டுக்குப் பக்கத்தில் கிடைத்தால், வேறு வேலை பார்த்துக்கொண்டிருப்பவருக்குப் பரவாயில்லை. கையில் இருந்து பெருந்தொகை கொடுத்துச் சேரும் அளவுக்கு அதில் ஒன்றும் இல்லை.

பி.எல்.எஸ்., ஏ.சி.எல்.எஸ். என்று அமெரிக்க இதயச் சங்கத்தின் உயிர்காக்கும் முதலுதவிப் பயிற்சிகள் சென்னையில் பல ஆஸ்பத்திரிகளில் நடக்கின்றன. ஒன்றிரண்டு நாள்தான், அட்டை இரண்டு வருஷம்தான் செல்லும். நல்ல பயிற்சி, ஆனால் படிப்புக்கு மேல் போடுகிற சட்டை அது. அதை மட்டும் வைத்துக்கொண்டு வேலை தேடக்கூடாது. எழும்பூர் செயின்ட் ஜான் ஆம்புலன்ஸ், செஞ்சிலுவைச் சங்கம் நடத்தும் முதலுதவி வகுப்புகளை இதற்கும் முன்னாலேயே போய்ப் பார்த்துவிடலாம். ரத்தம் பார்த்தால் தலை சுற்றுகிறதா என்று தெரிந்துகொள்ள இதைவிடக் குறைந்த செலவு கிடையாது.

நோட்டீஸ்காரர்கள்

இவர்கள் எல்லோரையும் ஏமாற்றுக்காரர்கள் என்று சொல்ல மாட்டேன். சில இடங்களில் ஆஸ்பத்திரியோடு உண்மையான ஒப்பந்தம் இருக்கிறது, நல்ல ஆசிரியர்கள் இருக்கிறார்கள். ஆனால் அவளோடு ஒரு இடத்துக்கு நேரில் போய்ப் பார்த்தேன். மாடியில் இரண்டு அறை. சுவரில் பெரிய பெரிய ஆஸ்பத்திரிகளின் லோகோ. மூலையில் சி.பி.ஆர்., அதாவது நின்ற இதயத்துக்கு மார்பை அழுத்துவது, பழகுகிற பொம்மை ஒன்று, வாங்கி வந்த பிளாஸ்டிக் உறையோடு இருந்தது.

உறையை எடுக்கலாமா என்று கேட்டேன். தயங்கித் தலையாட்டினார்கள். அவளை முட்டி போட வைத்து, இரண்டு கையையும் மார்புக்கு நடுவில் ஒன்றின் மேல் ஒன்றாக வைக்கச் சொல்லி, முழங்கை மடங்காமல் அழுத்தச் சொன்னேன். குறைந்தது ஐந்து சென்டிமீட்டர் இறங்க வேண்டும், ஆறைத் தாண்டக்கூடாது. நிமிஷத்துக்கு 100-லிருந்து 120 தடவை. சரியான ஆழம் போனால் இந்தப் பொம்மைகளில் 'கிளிக்' என்று சத்தம் வரும். அவள் வேர்க்க விறுவிறுக்க அழுத்தினாள், சத்தம் வரவில்லை. நான் அழுத்திப் பார்த்தேன், எனக்கும் வரவில்லை. உள்ளே ஸ்பிரிங் உடைந்திருந்தது. "அடுத்த பேட்சுக்குள்ள மாத்திடுவோம் சார்" என்றார் கவுன்சிலர். எத்தனை பேட்ச் இந்தச் சத்தம் வராத பொம்மையில் படித்துவிட்டுப் போயிருக்கிறது என்று எனக்குள் ஓடியது.

அதனால் நேரில் போங்கள். பொம்மையை அழுத்திப் பாருங்கள். ஆம்பு பையை, கையால் அழுத்தி மூச்சுக் கொடுக்கிற பையை, கையில் கொடுக்கச் சொல்லுங்கள். கற்றுக்கொடுக்கத் தெரிந்தவர் என்றால் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் முகமூடியின் மேல் 'சி' போலவும் மற்ற மூன்று விரலும் தாடை எலும்பின் கீழ் 'இ' போலவும் உட்காரும்படி உங்கள் கையைப் பிடித்து வைப்பார். மூச்சு மட்டும் நின்று நாடி இருக்கிற பெரியவருக்கு ஆறு நொடிக்கு ஒரு தடவை அழுத்தினால் போதும் என்பார். பதற்றத்தில் வேகமாக அழுத்தினால் காற்று வயிற்றுக்குப் போய் வாந்தி வரும் என்றும் சொல்வார். இதில் ஒன்றும் சொல்லாமல் ஃபீஸ் தவணை பற்றிப் பேச ஆரம்பித்தால் எழுந்து வந்துவிடுங்கள். சான்றிதழில் கையெழுத்துப் போடுவது யார், எந்த ஆஸ்பத்திரியில் எத்தனை நாள் பயிற்சி, அது எழுத்தில் இருக்கிறதா என்று கேளுங்கள். 'டை-அப்' என்று வாயால் சொல்வது செல்லாது.

தனியார் ஆம்புலன்ஸ் வேலையைப் பற்றியும் ஒரு வார்த்தை. இந்தக் கோர்ஸ் முடித்தவர்கள் பெரும்பாலும் போய்ச் சேருவது அங்கேதான். தனியார் ஆஸ்பத்திரி வண்டிகளில் பெரும்பகுதி ஒரு ஆஸ்பத்திரியிலிருந்து இன்னொன்றுக்கு நோயாளியை மாற்றும் வேலை. வென்டிலேட்டர், சிரிஞ்ச் பம்ப் என்று கருவிகள் பழகும். ரோட்டில் இறங்கி வேலை செய்வது குறைவு. வெறும் ஓட்டுநரும் ஸ்ட்ரெச்சரும் மட்டும் இருக்கிற வண்டிகளும் ஊரில் நிறைய ஓடுகின்றன. அங்கே உங்களை இ.எம்.டி. என்று சொல்லித்தான் ஏற்றுவார்கள். ஸ்ட்ரெச்சர் தூக்க ஒரு கை கூடுதலாகக் கிடைத்தது என்பதுதான் கணக்கு.

தங்கையின் கேள்விகள்

தங்கைக்கு இரண்டு கவலை. ஒன்று நைட் ஷிப்ட். இதற்கு நான் பூசி மெழுகவில்லை. 108-ல் பெண் இ.எம்.டி.க்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள், இரவிலும் ஓடுகிறார்கள். பிரசவக் கேஸில் உள்ளே ஒரு பெண் இருப்பது அந்த வீட்டுக்காரர்களுக்கு எவ்வளவு தெம்பு என்று நான் பலமுறை பார்த்திருக்கிறேன். ஆனால் கழிவறைக்கு எங்கே போவது என்பதிலிருந்து குடித்துவிட்டு வம்பு பண்ணும் கூட்டம் வரை எல்லாம் உண்டு. பைலட் நல்லவராக அமைந்தால் பாதிக் கஷ்டம் தீர்ந்தது.

இன்னொன்று உடம்பு. இதைப் பலர் யோசிப்பதே இல்லை. எங்கள் ஊர் ஹவுசிங் போர்டு குடியிருப்புகளை நினைத்துப் பாருங்கள். மூன்றாவது மாடி, லிஃப்ட் இல்லை, படிக்கட்டுத் திருப்பத்தில் ஸ்ட்ரெச்சர் திரும்பாது, கைப்பிடிச் சுவரில் ஈரத்துணி காய்கிறது. எண்பது கிலோ ஆளை நாற்காலியில் உட்காரவைத்துக் கட்டி, ஒருவர் மேலேயும் ஒருவர் கீழேயும் பிடித்து இறக்க வேண்டும். கீழே பிடிப்பவர் பின்பக்கமாக இறங்குவார், படி தெரியாது. அக்கம்பக்கத்துப் பையன்கள் கை கொடுப்பார்கள். அவர்களுக்கு எங்கே பிடிக்க வேண்டும் என்று சொல்லவும் தெரிய வேண்டும். என் முதுகு போனது விபத்தில் இல்லை, இப்படிப் படி இறங்கித்தான். இந்த வேலையில் ஐம்பது வயது வரை வண்டியில் ஓடுபவர்கள் குறைவு. அதனால்தான் இரண்டாவது கேள்வியை, அந்தச் சான்றிதழ்க் கேள்வியை, நான் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறேன்.

மாப்பிள்ளைக்கு ஒரே கேள்வி: துபாய் போகலாமா? போகலாம். ஆனால் வளைகுடா நாடுகளில் சான்றிதழ்களை டேட்டாஃப்ளோ என்ற நிறுவனம் மூலம் சரிபார்ப்பார்கள், பிறகு ப்ரோமெட்ரிக் என்ற கம்ப்யூட்டர் தேர்வு இருக்கும். கல்லூரிக்கும் பல்கலைக்கழகத்துக்கும் கடிதம் போகும். பல்கலைக்கழகப் பட்டம் இருந்தால் பதில் வரும். மாடியில் இரண்டு அறைக்குக் கடிதம் போனால் அந்த அறை அங்கே இருக்குமா என்பதே சந்தேகம்.

அவள் எழுதிய வரிசை

என் வரிசையைச் சொல்லிவிட்டு முடிவை அவளிடம் விட்டேன். அரசுக் கல்லூரியில் பி.எஸ்சி. எமர்ஜென்சி கிடைத்தால் அது, சென்னையில் இல்லாவிட்டாலும் சரி. அடுத்தது நர்சிங். இரண்டும் கிடைக்காவிட்டால் ஒரு வருஷச் சான்றிதழ், கூடவே அஞ்சல்வழியில் ஒரு பட்டம். அவள் முதலாவதை அப்படியே எழுதினாள். நர்சிங்கைக் கடைசியில் போட்டு, அதன் பக்கத்தில் சின்னதாக 'அம்மாவுக்காக' என்று எழுதினாள்.

சாதிச் சான்றிதழ் பழைய தாளில் இருந்தது, அதைப் புதிதாக வாங்க இ-சேவை மையத்துக்கு மறுநாள் போவதாக ஏற்பாடு. சாப்பிட்டுவிட்டுக் கிளம்புகிற நேரத்தில் பார்த்தால் கூடத்தில் அவளும் என் அம்மாவும். அம்மா டி.வி.யைவிட்டுக் கண்ணை எடுக்காமல் ஒரு கையை மட்டும் நீட்டிக் கொடுத்திருந்தார். இவள் மணிக்கட்டில் இரண்டு விரலை வைத்துக்கொண்டு சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தபடி உதட்டை அசைத்துக்கொண்டிருந்தாள்.

"ஆயா, ஆடாம இரு." கொஞ்ச நேரம் கழித்து என்னைப் பார்த்து, "முப்பத்தாறு, மாமா" என்றாள், பயந்துபோய்.

"எத்தனை செகண்டு எண்ணினே?"

"முப்பது."

"ரெண்டால பெருக்கு" என்றேன்.